ஸ்டியரிங்கில் ஆடியோ பட்டன் நாமே போடலாமா? கேள்வி பதில்

கார் ஸ்டீரியோவும் வயரிங்கும் எனக்குப் பிழைப்பு, பொழுதுபோக்கு இரண்டும். சவுண்டு கூட்ட, பாட்டு மாற்ற, போன் எடுக்க ஸ்டியரிங்கில் பட்டன் வராத வண்டிகளில் நாமே போட்டுக்கொள்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நடுவிலும் சொல்வேன்: பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் ஸ்டியரிங்கில் ஸ்குரூடிரைவர் வைக்காதீர்கள்.

பேஸ்மாடல்காரன்: என் வண்டி அடிப்படை மாடல். அதே வண்டியின் மேல் மாடலில் பட்டன் வருகிறது. அந்தப் பட்டன் செட்டை மட்டும் வாங்கி மாட்டினால் போதுமா?

பதில்: எல்லோரும் பட்டனைத்தான் முதலில் வாங்குகிறார்கள். கடைசியில் வாங்க வேண்டியது அது.

பட்டனிலிருந்து ஸ்டீரியோவரை சிக்னல் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பட்டன், ஸ்டியரிங்குக்குள் ஓடும் சின்ன வயர், கிளாக் ஸ்பிரிங், டேஷ்போர்டு வயரிங், கடைசியில் ஸ்டீரியோ. இதில் சுழலும் பாகத்தையும் சுழலாத பாகத்தையும் இணைப்பது கிளாக் ஸ்பிரிங். வட்டமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மெல்லிய தட்டை நாடா சுருண்டிருக்கும். ஸ்டியரிங் திரும்பத் திரும்ப அது இறுகும், தளரும். ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் கரண்ட் போவது அந்த நாடா வழியாகத்தான்.

உங்கள் அடிப்படை மாடலின் நாடாவில் ஆடியோவுக்கான செம்புத் தடங்கள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. சில கம்பெனிகள் எல்லா மாடலுக்கும் ஒரே கிளாக் ஸ்பிரிங்கைப் போடுகின்றன. அப்படியானால் உங்களுக்கு யோகம். வேறு சில வண்டிகளில் ஏர்பேக், ஹாரன் இரண்டுக்கு மட்டுமே தடம் இருக்கும், கனெக்டரில் மீதி இடங்கள் பின் இல்லாமல் காலியாக இருக்கும். ஸ்டியரிங் காலத்தின் (காலம் என்றால் column, ஸ்டியரிங்கைத் தாங்கும் தண்டு) கீழ்மூடியைக் கழற்றி, மஞ்சள் நிற ஏர்பேக் கனெக்டரைத் தொடாமல், பக்கத்துக் கனெக்டரை டார்ச் அடித்துப் பாருங்கள். பின் இருந்தால் மேலே போகலாம். இல்லையென்றால் மேல் மாடலின் கிளாக் ஸ்பிரிங் வேண்டும், அதற்கு ஸ்டியரிங்கையே கழற்ற வேண்டும்.

டேஷ்போர்டு வயரிங்கில் அந்த வயர்கள் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். அங்கே எதுவும் சுழல்வதில்லை. காலத்தின் அடியிலிருந்து ஸ்டீரியோவரை வயர் இழுத்துக்கொள்வது அரை நாள் வேலை.

கேள்விக்குறி: என் வண்டிக்குப் பொருந்துமா?

பதில்: எந்த வண்டி?

சாலிடர்பிரியன்: ஆறு பட்டன் இருக்கிறது, ஆனால் வருவது இரண்டே வயர். எப்படி ஆறையும் பிரித்து அறிகிறது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் ஒரு மின்தடை இருக்கிறது, ஒவ்வொன்றும் வேறு அளவு. பட்டனை அழுத்தினால் சிக்னல் வயர் அந்த மின்தடை வழியாக கிரவுண்டை, அதாவது பேட்டரி நெகட்டிவ் பக்கத்தை, தொடும். ஸ்டீரியோவுக்குள் இன்னொரு மின்தடை அதே வயரை 5 வோல்ட்டை நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும் (சில ஸ்டீரியோவில் 3.3 வோல்ட்). இரண்டுக்கும் நடுவில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதை வைத்து எந்தப் பட்டன் என்று ஸ்டீரியோ முடிவு செய்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே 5 வோல்ட்டும் 1,000 ஓம் தடையும் இருக்கிறது என்று வையுங்கள். 0 ஓம் பட்டனை அழுத்தினால் 0 வோல்ட். 330 ஓம் என்றால் சுமார் 1.24 வோல்ட். 1,000 ஓம் என்றால் சரிபாதி, 2.5. 3,100 ஓம் என்றால் சுமார் 3.78. எதையும் அழுத்தாவிட்டால் 5. நாலு பட்டன், நாலு தெளிவான படிகள். படிகளுக்கு நடுவே இடைவெளி போதுமான அளவு இருக்க வேண்டும், அவ்வளவுதான் ரகசியம்.

இது புரிந்துவிட்டால் பாதிக் கோளாறுகளை மல்டிமீட்டரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பட்டன் தொடுமுனையில் அழுக்கு சேர்ந்து 200 ஓம் கூடினால் 0 ஓம் பட்டன் 330 ஓம் பட்டன் பக்கம் நகர்ந்துவிடும். 'சவுண்டு கூட்டினால் பாட்டு மாறுகிறது' என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். பட்டன் செட் கையில் கிடைத்ததும், வண்டியில் மாட்டும் முன்பே, ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி ஓம் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயந்தாங்கொள்ளி: ஏர்பேக்கைக் கழற்ற வேண்டுமே. வெடித்துவிடாதா?

பதில்: பயம் நல்லதுதான், வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். உடனே கை வைக்கக் கூடாது, ஏனென்றால் மோதலில் பேட்டரி அறுந்தாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்று கண்ட்ரோல் யூனிட்டுக்குள் கப்பாசிட்டரில் கரண்டைச் சேமித்து வைத்திருப்பார்கள். அது வடிய எவ்வளவு நேரம் என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சில வண்டிகளுக்கு ஒன்றரை நிமிடம், சிலவற்றுக்கு மூன்று. நான் எந்த வண்டியானாலும் பத்து நிமிடம் விடுவேன்.

கழற்றிய ஏர்பேக்கை மூடிப் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். கவிழ்த்து வைத்து அது விரிந்தால் மொத்தப் பெட்டியும் மேலே பாயும். அதன் பின்களில் மல்டிமீட்டரின் ஓம் முனைகளை வைக்கவே கூடாது. ஓம் அளக்கும்போது மீட்டர் தன் பேட்டரியிலிருந்து கரண்ட் அனுப்புகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏர்பேக் கழன்றிருக்கும்போது இக்னிஷனையும் போடாதீர்கள். போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும், கோளாறுக் குறியீடு பதிவாகும், ஸ்கேனர் வைத்து அழிக்க வேண்டிவரும்.

ஆண்ட்ராய்டு அடிமை: ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. பின்னால் கீ1, கீ2 என்று இரண்டு வயர். ஆறு பட்டனில் மூன்றைத்தான் கற்றுக்கொள்கிறது.

பதில்: கீ1, கீ2 இரண்டும் பட்டன் சிக்னல் வாங்கும் வயர்கள்; எந்த வோல்ட் எந்தப் பட்டன் என்று ஸ்டீரியோவில் பதிய வைப்பதுதான் 'கற்றுக்கொடுப்பது'. எல்லாப் பட்டனையும் கீ1-இல் கொடுத்திருப்பீர்கள். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு சிக்னல் வயர் வந்தால் ஒன்றை கீ1-க்கும் மற்றதை கீ2-க்கும் கொடுங்கள். ஒரே சிக்னல் வயர்தான் என்றால், மேலே சொன்னபடி ஓம் அளந்து பாருங்கள். அளவுகள் மிக நெருக்கமாக இருந்தாலோ, ஸ்டீரியோவின் உள் தடைக்கு ஒத்துவராத அளவுக்குப் பெரிதாக இருந்தாலோ எல்லாம் ஒரே படியில் விழுந்துவிடும். சில ஸ்டீரியோக்களின் செட்டிங்கில் இந்த உள் தடையை மாற்ற வழி உண்டு. இல்லையென்றால் நடுவில், பட்டன் சிக்னலை ஸ்டீரியோவுக்குப் புரியும்படி மாற்றித் தரும் ஒரு ஸ்டியரிங் இன்டர்ஃபேஸ் பெட்டி போட்டுவிடுங்கள்.

க்ரூஸ்: அப்படியே க்ரூஸ் கண்ட்ரோல் பட்டனும் சேர்த்துப் போட்டுவிடலாமா?

பதில்: அது ஆடியோ வேலை அல்ல, இன்ஜின் கண்ட்ரோல் யூனிட் சம்பந்தப்பட்டது. உங்கள் வண்டியின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

நெட்டைக்கம்பி: அண்ணே, கிளாக் ஸ்பிரிங் எதுக்கு? நான் மெல்லிய வயர் எடுத்து, காலத்தைச் சுற்றி நாலு சுற்று தளர்வாக விட்டுக் கீழே இறக்கிட்டேன். ஸ்டியரிங் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூணு சுற்றுதானே. சூப்பரா வேலை செய்யுது.

பதில்: இன்றைக்கே கழற்றுங்கள். தளர்ந்த சுற்று ஒரு நாள் இண்டிகேட்டர் தண்டிலோ சாவி உருளையிலோ மாட்டும். வளைவில் திரும்பும்போது ஸ்டியரிங் ஒரு கணம் பிடித்தால் போதும். அதோடு அந்த வயர் ஏர்பேக்குக்குப் பக்கத்திலிருந்துதானே கிளம்புகிறது? ஏர்பேக் விரிய நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. அதன் வழியில் எதுவும் இருக்கக் கூடாது.

நெட்டைக்கம்பி: கிளாக் ஸ்பிரிங்கும் சுற்றி வைத்த நாடாதானே அண்ணே? அது செஞ்சா சரி, நான் செஞ்சா தப்பா?

பதில்: நியாயமான கேள்வி, அதனால் கோபப்படாமல் சொல்கிறேன். தத்துவம் ஒன்றுதான், வித்தியாசம் டப்பாவில் இருக்கிறது. தட்டை நாடா ஒரே தளத்தில் மட்டும்தான் சுருளும், விரியும். மூடிய டப்பாவை விட்டு வெளியே போக அதற்கு இடமே இல்லை. உங்கள் உருண்டை வயருக்கு எல்லாத் திசையும் திறந்திருக்கிறது. ஸ்டியரிங்கை மேலும் கீழும் சாய்க்கும் வசதி இருந்தால் இன்னும் மோசம், ஒவ்வொரு முறை சாய்க்கும்போதும் சுற்றின் அளவு மாறும்.

பழையவண்டி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பழைய கார்களில் ஹாரனுக்கு ஒரு பித்தளை வளையமும் அதில் உரசும் தொடுமுனையும் இருக்குமே. அதைப் போல இரண்டு வளையம் வைத்தால்? என் வண்டியில் ஏர்பேக்கே கிடையாது.

பதில்: ஏர்பேக் இல்லாத வண்டிக்கு இது நல்ல யோசனை. உரசும் தொடுமுனையின் தடை ஸ்டியரிங் திரும்பும்போது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஹாரனுக்கு அது பொருட்டே இல்லை. ஏர்பேக்குக்கு அறவே ஆகாது. நம் பட்டன் சிக்னலோ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் மின்தடைகளை நீங்களே தேர்ந்தெடுங்கள், 330 ஓமுக்குக் கீழே எதுவும் வேண்டாம், படிகளைத் தாராளமாகத் தள்ளி வையுங்கள். பத்து இருபது ஓம் ஆடினாலும் ஸ்டீரியோ குழம்பாது. வளையத்தை மாதம் ஒருமுறை துடையுங்கள்.

நெட்டைக்கம்பி: அவருக்கு மட்டும் சரின்னு சொல்றீங்க!

பதில்: அவர் வண்டியில் ஏர்பேக் இல்லை, வளையம் எங்கும் போய் மாட்டிக்கொள்ளவும் செய்யாது. உங்கள் வண்டியில் ஏர்பேக் இருக்கிறது, வயர் தொங்குகிறது. இரண்டும் எப்படி ஒன்றாகும் தம்பி?

வழிப்போக்கன்: நெட்டைக்கம்பி சொல்வதிலும் உண்மை இருக்கிறது சார். எல்லோராலும் மேல் மாடல் கிளாக் ஸ்பிரிங் வாங்க முடியாது. வேறு வழி சொல்லாமல் 'கழற்று' என்றால் எப்படி?

பதில்: சரி, சொல்கிறேன், மனமில்லாமல். வயர்லெஸ் பட்டன் போடுங்கள். எனக்கு அது பிடிக்காது. பட்டன் செல் தீரும், கொஞ்சம் தாமதம் இருக்கும், ஒட்டுப்பசை வெயிலில் இளகும். ஆனால் சுழலும் பாகத்திலிருந்து ஒரு வயர்கூட வெளியே வராது. ரிசீவரை ஸ்டீரியோவுக்குப் பின்னால் வைத்து கீ1, கிரவுண்டு, 12 வோல்ட் கொடுத்தால் முடிந்தது. பட்டனை ஸ்டியரிங்கின் ஆரக்காலில் பட்டை போட்டு இறுக்குங்கள். ஏர்பேக் மூடியின் மேல் ஒட்டாதீர்கள், விரியும்போது அது நேராக உங்கள் முகத்துக்கு வரும்.

நெட்டைக்கம்பி: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்.

பதில்: நீங்கள் வயர்லெஸ் பற்றி எங்கே கேட்டீர்கள்?

அவசரம்: என் வண்டிக்குப் பொருந்துமா? அவசரம்.

பதில்: முதல் கேள்வியின் பதிலைப் படியுங்கள். டார்ச்சும் பத்து நிமிடமும் போதும்.

புதுவண்டி: பட்டன் வயரில் மல்டிமீட்டர் வைத்தால் ஓம் எதுவும் மாறவில்லை. புது மாடல் வண்டி.

பதில்: அதில் பட்டன்கள் மின்தடையால் பேசுவதில்லை. ஸ்டியரிங்குக்குள்ளேயே ஒரு சின்ன சர்க்யூட் அழுத்தலை டிஜிட்டல் செய்தியாக்கி லின் (LIN) என்ற ஒற்றை வயர்த் தொடர்பு வழியாக அனுப்பும், அங்கிருந்து வண்டியின் கண்ட்ரோல் யூனிட்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் பஸ்ஸுக்கு (CAN bus) போகும். உங்கள் வண்டிக்கென்று செய்த கேன் இன்டர்ஃபேஸ் பெட்டி தேவை. அதே கேன் வயரில்தான் பிரேக்கும் இன்ஜினும் பேசிக்கொண்டிருக்கக்கூடும், வெட்டி ஒட்டி விளையாட வேண்டாம்.

கோணல்: கிளாக் ஸ்பிரிங் மாற்றினேன். மறுநாள் ஹாரன், பட்டன் இரண்டும் போயின, ஏர்பேக் விளக்கும் எரிகிறது.

பதில்: நாடா அறுந்துவிட்டது. நடுவில் நிறுத்தாமல் மாட்டியிருப்பீர்கள். முன் சக்கரங்கள் நேராக இருக்கும்போது கிளாக் ஸ்பிரிங்கும் தன் நடுவில் இருக்க வேண்டும். புதிதாக வரும்போது ஒரு பூட்டுத்துண்டு நடுவில் பிடித்திருக்கும், மாட்டும்வரை அதை எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால் ஒரு கோடிவரை மெதுவாகச் சுற்றி, மறுகோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வந்து அம்புக்குறிகளைச் சேர்க்க வேண்டும். இப்போது புதியது வாங்குவது தவிர வழியில்லை. அறுந்த நாடாவைச் சாலிடர் செய்யலாமா என்று கேட்காதீர்கள், ஏர்பேக் தடமும் அதில்தான் இருக்கிறது. பேட்டரி நெகட்டிவ், ஞாபகம் இருக்கட்டும்.

அவசரம்: அறுந்ததைச் சாலிடர் செய்யலாமா?

பதில்: கூடாது.

இரவுராஜா: பகலில் எல்லாப் பட்டனும் சரி. ஹெட்லைட் போட்டதும் சவுண்டு கூட்டும் பட்டன் அடுத்த பாட்டுக்குப் போகிறது. லைட்டை அணைத்தால் மறுபடி சரி. பேய் பிடித்துவிட்டதா?

பதில்: அருமையான கோளாறு. ஹெட்லைட் போட்டால் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் சின்ன விளக்குகளும் எரிகின்றன அல்லவா? அந்தக் கரண்ட்டும் உங்கள் பட்டன் சிக்னலும் ஒரே கிரவுண்டு வயரில் திரும்புகின்றன. அந்த வயரிலோ இணைப்பிலோ 5 ஓம் தடை இருந்து, விளக்குகள் 40 மில்லி ஆம்பியர் எடுத்தால், கிரவுண்டே 0.2 வோல்ட் மேலே ஏறிவிடும். எல்லாப் படியும் கொஞ்சம் உயரும். 0 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டன்தான் அதிகம் தடுமாறும்.

ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிக்னல் வயரில் வோல்ட் மீட்டரை வைத்து, ஹெட்லைட்டைப் போட்டு அணைத்துப் பாருங்கள். முள் நகர்ந்தால் இதுதான். கிளாக் ஸ்பிரிங்கில் உபரித் தடம் இருந்தால் விளக்குகளுக்குத் தனி கிரவுண்டு கொடுங்கள். இல்லையென்றால் பட்டன் கிரவுண்டை காலத்தின் போல்ட்டில் முறுக்காமல், ஸ்டீரியோவின் கிரவுண்டு வயரிலேயே கொண்டுபோய்ச் சேருங்கள். அப்புறமும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் ஹெட்லைட்டைப் போட்டு வைத்துக்கொண்டு பட்டன்களை மறுபடி கற்றுக்கொடுங்கள், பகலிலும் அதே படிகளை அது ஏற்றுக்கொள்கிறதா என்று சோதித்துவிட்டு மூடியை மாட்டுங்கள்.