பழைய லேப்டாப்பில் லேடெக்: எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்?

கேள்வி: மகன் எம்.டெக். படிக்கிறான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை லேடெக்கில்தான் (பக்கங்களை அச்சுக்குக் கோத்துத் தரும் மென்பொருள்) தர வேண்டும் என்று கைடு சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பது 2011-ல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 7, 32 பிட், 2 ஜிபி ராம். எப்படியோ விஎஸ் கோடு என்ற எடிட்டரை ஏற்றிவிட்டான். அதற்குள் லேடெக் வொர்க்ஷாப் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டால் ‘இந்த வெர்ஷனுக்குப் பொருந்தாது’ என்கிறது. எஸ்.பி. ரோடில் ஒரு கடையில் கேட்டேன். ‘லேடெக் சாஃப்ட்வேர் ஃபுல் செட், லைசென்ஸ் சேர்த்து 2,500 ரூபாய்’ என்றார் கடைக்காரர். கொடுக்கலாமா சார்? இல்லை, புது லேப்டாப்தான் வாங்கியாக வேண்டுமா?
– ஒரு தாய், அல்சூர், பெங்களூரு

பதில்: கொடுக்காதீர்கள். கூலி என்று கேட்டிருந்தால்கூட யோசிக்கலாம். ‘லைசென்ஸ் சேர்த்து’ என்றார் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. தன் புத்தகத்தின் அச்சுக்கோப்பு பிடிக்காமல் டொனால்டு குனூத் என்ற ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் 1970-களின் கடைசியில் எழுதியது டெக். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் கட்டியது லேடெக். இரண்டுக்கும் அன்றும் விலை இல்லை, இன்றும் இல்லை. விஎஸ் கோடும் இலவசம், அந்த எக்ஸ்டென்ஷனும் இலவசம். கடைக்காரர் தன் நேரத்துக்குக் காசு கேட்பதில் தப்பில்லை. ஆனால் பில்லில் ‘இன்ஸ்டலேஷன் சார்ஜ்’ என்றே எழுதித் தரட்டும். எழுதச் சொன்னதும் தொகை குறைந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இனி மகன் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருவோம். உங்கள் வீட்டில் சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் இருக்கும், அதன் சுவிட்ச் ஹாலிலோ சமையலறையிலோ இருக்கும். எக்ஸ்டென்ஷன் என்பது அந்த சுவிட்ச் மட்டும்தான். பக்கத்தைக் கோத்து பிடிஎஃப் ஆக்கும் மோட்டாரைத் தனியாக இறக்க வேண்டும். எனக்கு வரும் கேள்விகளில் பாதி, மோட்டாரே இல்லாமல் சுவிட்ச்சைத் தட்டிக்கொண்டிருப்பவர்களுடையவை.

முதலில் சுவிட்ச். விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசி விஎஸ் கோடு 1.70, அதாவது 2022 ஜூலைப் பதிப்பு. எக்ஸ்டென்ஷனோ காலத்துக்கேற்பப் புதிய விஎஸ் கோடைக் கேட்டுக்கொண்டே போகும். அதனால் எக்ஸ்டென்ஷன் பட்டியலில் அதன் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து, வேறு பதிப்பை நிறுவும் வசதியைத் தேர்ந்தெடுத்து, 2022 ஜூலையிலோ அதற்குச் சற்று முன்போ வந்த ஒரு பதிப்பைப் போடச் சொல்லுங்கள். போட்ட கையோடு ஆட்டோ அப்டேட்டை அணைத்துவிட வேண்டும்.

அப்புறம் மோட்டார். விண்டோஸில் டெக் லைவ், மிக்டெக் என்று இரண்டு உண்டு. உங்கள் கணினிக்கு டெக் லைவ் 2022 என்பேன். 2023 பதிப்பிலிருந்து அதன் விண்டோஸ் பகுதி 64 பிட்டுக்கு மாறிவிட்டது. பழைய ஆண்டுகளின் ஐஎஸ்ஓ கோப்புகளை (முழு டிவிடியையும் ஒரே கோப்பாக்கியது) அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக சர்வரில் ‘ஹிஸ்டாரிக்’ என்ற ஃபோல்டரில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து முழு ஐஎஸ்ஓவாக இறக்கிக்கொள்ளுங்கள். நெட் வழியாக ஏற்றும் சிறிய இன்ஸ்டாலர் இப்போதைய பதிப்பைத் தேடிப் போய், ஆண்டு ஒத்துவரவில்லை என்று நின்றுவிடும்.

இந்த இடத்தில் இரண்டு சில்லறைத் தொல்லைகள். ஐஎஸ்ஓ 4 ஜிபியைத் தாண்டும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் அவ்வளவு பெரிய ஒற்றைக் கோப்பை ஏற்காது. இடம் இருந்தும் ‘இடமில்லை’ என்ற மாதிரி ஏதாவது சொல்லும். என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிவிடுங்கள். மற்றது, விண்டோஸ் 7-க்கு ஐஎஸ்ஓவைத் தானாகத் திறக்கத் தெரியாது. இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப்பால் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இன்ஸ்டாலர் கேட்கும்போது உதவிக் குறிப்புகளும் மூலக் கோப்புகளும் வேண்டாம் என்று டிக்கை எடுத்துவிட்டால் இடம் கிட்டத்தட்டப் பாதி மிச்சம். அப்படியும் எண்ணற்ற சின்னச் சின்னக் கோப்புகள் இறங்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் போகும். நான் ஒருமுறை இரவு சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்து, காலை காபிக்கு வந்து பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. ஆன்டிவைரஸ் ஒவ்வொரு கோப்பாக முகர்ந்து பார்த்ததுதான் காரணம். ஏற்றும் நேரத்துக்கு மட்டும் அதை நிறுத்தி வையுங்கள், முடிந்ததும் மறக்காமல் போடுங்கள்.

மிக்டெக்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். லேடெக் வொர்க்ஷாப்பின் பொத்தானை அழுத்தியதும் அது கூப்பிடுவது லேடெக்எம்கே என்ற நிரலை. அது பெர்ல் மொழியில் எழுதியது. மிக்டெக்கோடு பெர்ல் வராது, தனியாகப் போட வேண்டும். விண்டோஸுக்கான டெக் லைவில் உள்ளேயே வந்துவிடும். ‘எல்லாம் போட்டேன், பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை’ என்பவர்களை முதலில் பெர்ல் இருக்கிறதா என்றுதான் கேட்பேன்.

ரிப்போர்ட் ஃபோல்டரை நேராக சி டிரைவில், இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயரில் வைக்கட்டும். தமிழ்ப் பெயரோ இடைவெளியோ உள்ள பாதையில் பழைய கருவிகள் சில தடுமாறும். பிடிஎஃப் பார்க்க சுமத்ரா பிடிஎஃப் போதும். அடோபி ரீடரில் பிடிஎஃப் திறந்திருக்கும்வரை அந்தக் கோப்பு பூட்டிக் கிடக்கும், அதன் மேல் மறுபடி எழுத முடியாமல் லேடெக் பிழை காட்டும். பையன் தன் கோடில்தான் தப்பு என்று அரை நாள் தேடுவான்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்த அபிப்பிராயம்: 2 ஜிபி ராமில் விஎஸ் கோடே வேண்டாம். அதன் அடியில் ஓடுவது குரோமுக்கு அடிப்படையான அதே குரோமியம், அதுவே ராமில் பெரும் பங்கைத் தின்றுவிடும். டெக் லைவோடு டெக்வொர்க்ஸ் என்ற சின்ன எடிட்டர் கூடவே வருகிறது. இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் பக்கம், நடுவில் வேறு தொந்தரவு கிடையாது. எக்ஸ்டென்ஷன் பொருந்தவில்லை என்ற பிரச்சினையே எழாது. கைடுக்கு வேண்டியது ரிப்போர்ட். எந்த எடிட்டரில் அடித்தான் என்று அவர் கேட்கப்போவதில்லை.

அந்த 2,500 ரூபாயைச் செலவழித்தே தீர வேண்டுமென்றால் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்கிவிடாதீர்கள், 2011 லேப்டாப்பில் அதற்கு இடம் இருக்காது. மிச்சம் இருந்தால் இன்னொரு 2 ஜிபி ராம். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பார்க்காது, எனவே அதைத் தாண்டி வாங்குவது வீண். புது லேப்டாப் இந்த ஒரு ரிப்போர்ட்டுக்காக வேண்டாம். ஆனால் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு பொதுவான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன, குரோமும் அதில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பேங்க் வேலையை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஆய்வேட்டைத் தமிழில் லேடெக்கில் அடிக்கிறேன். ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கிறது, நடுவில் புள்ளி வட்டம் வேறு. டிடிபி கடையில் ‘300 தமிழ் ஃபான்ட் பேக்’ 600 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கினால் சரியாகுமா?
– ஆய்வு மாணவி, கம்மனஹள்ளி

பதில்: சரியாகாது, இன்னும் கெடும். அப்படிப்பட்ட பேக்குகளில் இருப்பவை பெரும்பாலும் பாமினி, டேம், டேப் மாதிரியான பழைய குறிமுறை எழுத்துருக்கள். பேஜ்மேக்கர் காலத்துக்கானவை. நீங்கள் அடிப்பது யூனிகோடு. அந்த எழுத்துருவை இதில் போட்டால் கொம்பு மட்டுமல்ல, ‘க’வே வராது.

உங்களுடைய சிக்கல் வேறு. யூனிகோடில் ‘கொ’ என்பது ‘க’ என்ற எழுத்தும் அதற்குப் பின் ஓர் உயிர்க்குறியும். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது எழுத்துருவை வரையும் கருவியின் வேலை. இது தமிழ் என்று அதற்கு நாம் சொல்லவில்லை, அது வந்த வரிசையிலேயே அடுக்கிவிட்டது. இரண்டு மாற்றம் போதும். பழக்கத்தில் எல்லோரும் ஓட்டும் பிடிஎஃப்-லேடெக்கை விட்டு, லேடெக்கின் இன்னொரு வடிவமான ஸீலேடெக்கில் ஓட்டுங்கள். எழுத்துருவை அழைக்கும் வரியில் ‘ஸ்கிரிப்ட்’ என்ற விருப்பத்துக்கு எதிரே தமிழ் என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் இருக்கிறது. திறந்த உரிமம், ஆய்வேட்டில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பழைய கணினியில் முதல் தடவை ஓட்டும்போது திரை அப்படியே நின்றமாதிரி இருக்கும். கணினியில் உள்ள எழுத்துருக்களையெல்லாம் அது பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறது. சில நிமிடம் விடுங்கள், பாதியில் மூடினால் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். உங்கள் நெறியாளரிடம் டேம் குறிமுறையில் அடித்த பழைய கட்டுரைகள் இருந்தால் என்ஹெச்எம் கன்வர்ட்டர் என்ற இலவசக் கருவியால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின் ‘ஸ்ரீ’யையும் ஆங்கிலச் சொற்களையும் மட்டும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள், கலந்து அடித்த இடங்களில்தான் சொதப்பும்.

கேள்வி: எஸ்.பி. ரோடில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். லேடெக், விஎஸ் கோடு எல்லாம் போட்டு, விண்டோஸ் 11-உம் ஏற்றித் தந்தார்கள். பன்னிரண்டே நாளில் டிஸ்க் படுத்துவிட்டது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று முத்திரை இருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், யஷ்வந்த்பூர்

பதில்: முத்திரை குத்திவிட்டால் சட்டம் ஒதுங்கிப் போய்விடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள். உங்களுக்கு ஆகியிருப்பது பன்னிரண்டு. பழைய பொருள் என்பதால் ‘இது குறையா, தேய்மானமா’ என்று வாதம் வரும், அதற்குத் தயாராகப் போங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலில் டிஸ்க்கின் நிலையும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதும் வரும். டிஸ்க்குக்கு இன்னும் உயிர் இருந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள், வாயால் பேசியது கணக்கில் வராது. மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும்.

விண்டோஸ் 11 பற்றி ஒரு வார்த்தை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்கள் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் பெரும்பாலும் இல்லை. அவற்றில் ஏற்றித் தருவது விண்டோஸ் 11-ன் தகுதிச் சோதனையைச் சுற்றிக்கொண்டு போய்ப் போட்டது. இன்றைக்கு ஓடும், நாளை ஒரு பெரிய அப்டேட்டில் நிற்கலாம். அடுத்த முறை கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி அந்தச் சந்துக்குள் போகும்போது, பேரம் பேசுவதற்கு முன்பே பிராசஸர் தலைமுறையைப் பார்த்துவிடுங்கள். டிஸ்க் நம்பரையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: 2012 மேக்புக்கில் மேக்டெக் (மேக்குக்கான லேடெக் தொகுப்பு) ஏற மறுக்கிறது. டெக் சாப் எடிட்டருக்காகப் புது மேக் வாங்கவா?
– வாசகர், இந்திரா நகர்

பதில்: வேண்டாம். மேக்டெக் தொகுப்பு சமீபத்திய சில மேக்ஓஎஸ் பதிப்புகளுக்கு மட்டும். அதற்குப் பதில் டெக் லைவின் யூனிக்ஸ் இன்ஸ்டாலரை டெர்மினலில் ஓட்டுங்கள். பழைய இன்டெல் மேக்குகளுக்கென்றே ‘டார்வின் லெகசி’ என்ற பகுதி அதில் இருக்கிறது, மேக்ஓஎஸ் 10.6 வரைகூட இறங்கி வரும். டெக் சாப்பின் பழைய பதிப்பைத் தனியாக இறக்கிக்கொள்ளலாம். அது டெக்கைத் தேடும் பாதையை மட்டும் அதன் பிரிஃபரன்ஸ் திரையில் மாற்றிக் கொடுங்கள்.