கதை எழுதியதற்கு மெமோ: ஆங்கிலத் துறை ஆசிரியை ஒருவரின் கேள்வி

கேள்வி: தொண்டிக்கும் மண்டபத்துக்கும் இடையே, அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் ஆங்கிலத் துறை உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். கடலில் பாசி எடுக்கும் பெண்ணைப் பற்றி நான் எழுதிய சிறுகதை ஒரு பத்திரிகையில் வந்தது. அதில் எடையில் ஏமாற்றும் வியாபாரி தன்னைத்தான் குறிக்கிறது என்று நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் கோபப்பட்டார். ‘முன் அனுமதி இல்லாமல் வெளியிட்டது ஏன், ஏழு நாளில் விளக்கம் தருக’ என்று மெமோ வந்துவிட்டது. சக ஆசிரியரின் கவிதை நூலுக்கோ கல்லூரி அரங்கிலேயே வெளியீட்டு விழா நடந்தது! ஆண்டு விழாவுக்கு நான் எழுதிய ஆங்கில நாடகம் கல்லூரி மலரில் துறைத் தலைவர் பெயரில் அச்சாகியிருக்கிறது. கேட்டால், “கதையில வர்ற ராத்திரியெல்லாம் சொந்த அனுபவமா மேடம்?” என்று ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் சிரிக்கிறார். பதவி உயர்வுக்கும் என் கதைகள் கணக்கில் வராதாம். நான் என்ன செய்யலாம்?

பதில்: மெமோவுக்குக் கெடு இருப்பதால் அதை முதலில் பார்ப்போம். “ஒரு வரி மன்னிப்பு எழுதிக் கொடுத்துரும்மா, முடிச்சுக்கலாம்” என்று யாராவது வருவார்கள். கொடுக்காதீர்கள். அந்த ஒரு வரி உங்கள் சர்வீஸ் ஃபைலில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த மெமோவுக்குச் சாட்சி சொல்லும். கெடுவுக்குள் இப்படிப் பதில் கொடுங்கள்: ‘இது என் சொந்த நேரத்தில் எழுதிய புனைகதை. கல்லூரியின் பெயரோ, அங்குள்ள யாருடைய அடையாளமோ இதில் இல்லை. எந்தப் பணி விதியின் கீழ் முன் அனுமதி தேவை என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.’ ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளே, பதிப்பாளர் மூலம் வெளிவரும், முழுக்க முழுக்க இலக்கியமான எழுத்துக்கு முன் அனுமதி கேட்பதில்லை. அந்த விதிகள் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் வாதத்துக்கு உதவும். நாமக்கல்லில் அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்த பெருமாள்முருகன் தொடர்பான வழக்கில் 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம்தான் நின்றது. வேலையை விட்டு நீக்குவோம் என்று மிரட்டினால், 1976ஆம் ஆண்டு தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்கு உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். சிறுபான்மை நிறுவனம் என்றால் இதில் வேறு வாதம் வரும். நியமன ஆணையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்த வியாபாரி விஷயம். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி பறிக்கும் பெண்ணிடம் எடையில் அடிக்கும் ஒரு யாவாரியை எழுதினால் அது பொதுவான சித்திரம். அந்த நிர்வாகக் குழு உறுப்பினருடைய வண்டி, தெரு, முகத்திலுள்ள தழும்பு என்று அவரை மட்டும் காட்டும் அடையாளங்களை வைத்திருந்தால், ‘யாவும் கற்பனையே’ என்று கீழே போட்டாலும் அவதூறு வழக்கு (இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 356) வரலாம். அந்தக் கண்ணோடு கதையை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

பதவி உயர்வில் உங்களுக்கு நல்ல செய்தி இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிமுறைகளின் மதிப்பெண் அட்டவணையில் படைப்பிலக்கியத்துக்கு என்று தனி இடம் கிடையாது. கமலா தாஸின் கவிதையைப் பற்றி துறை அறிஞர்கள் மதிப்பிட்டு வெளியிடும் ஆய்விதழில் கட்டுரை எழுதினால் 10 மதிப்பெண்; கவிதையையே எழுதினால் ஒன்றுமில்லை! இது எனக்கு அபத்தமாகத்தான் படுகிறது. ஆனால் விதியில் இல்லாததைத் தரச் சொல்லி வழக்குப் போட்டால் வருடங்கள்தான் போகும். அதே அட்டவணையில் மொழிபெயர்ப்பு நூலுக்கு 8 மதிப்பெண் உண்டு. உங்களுக்கோ இரண்டு மொழியும் கைவசம். அந்த வழியைப் பாருங்கள்.

நீங்கள் மெமோவை நினைத்துத்தான் அதிகம் பயப்படுகிறீர்கள். எனக்கோ உங்கள் கை ஓங்கியிருப்பது நாடகத்திலும் ஸ்டாஃப் ரூமிலும் என்று தோன்றுகிறது.

‘வேலையில் இருந்துகொண்டு எழுதியது கல்லூரிக்குத்தான் சொந்தம்’ என்பார்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 அப்படி வாதாட இடம் தருகிறது. உங்கள் வேலை பாடம் நடத்துவது, நாடகம் எழுதுவதல்ல என்று நாமும் வாதாடலாம். அதில் தோற்றாலும் பிரிவு 57 இருக்கிறது: பதிப்புரிமை யாரிடம் போனாலும், எழுதியவர் தன் பெயரைக் கோரும் உரிமை போகாது. டெல்லி மிராண்டா ஹவுஸில் இந்தி ஆசிரியையாக இருந்த எழுத்தாளர் மன்னு பண்டாரி, தன் நாவலைச் சினிமாவில் சிதைத்ததாக இந்தப் பிரிவை வைத்துத்தான் போராடினார். 1986இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்கு விரிவாகவே பொருள் சொன்னது. நீங்கள் கேட்கப்போவது அதைவிட எளிது: அடுத்த மலரில் திருத்தம், இணையத்தில் மலர் இருந்தால் அதில் உங்கள் பெயர். முதலில் முதல்வருக்குக் கடிதம், அப்புறம் வக்கீல் நோட்டீஸ். நாடகத்தை அனுப்பிய மின்னஞ்சல், வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள். ஃபோனையும் மாற்ற வேண்டாம். வழக்கென்று வந்தால் மின்னணு ஆதாரத்துக்குப் பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

ஸ்டாஃப் ரூம் பேச்சைக் கிண்டல் என்று விட்டுவிடாதீர்கள். ஆண் எழுதினால் கற்பனை, பெண் எழுதினால் வாக்குமூலம் என்று நினைப்பவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். இலக்கியம் நடத்தும் துறையில் இருப்பதுதான் வேடிக்கை. பாலியல் சாயல் கொண்ட பேச்சும், பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல்தான். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், இத்தகைய புகார்களை விசாரிக்கக் கல்லூரியில் இருக்க வேண்டிய உள்ளகக் குழுவில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். அவர் சொன்னதைச் சொன்னபடியே, தேதியோடு, யார் யார் இருந்தார்கள் என்பதோடு எழுதுங்கள். குழுவே இல்லை என்றால் நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தத் துறைத் தலைவர் கல்லூரிச் செயலாளர்போல நிர்வாகப் பொறுப்பிலும் இருப்பவர் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். ஒரு எச்சரிக்கை: புகார் விவரங்களை வெளியிடச் சட்டம் தடை போடுகிறது. அதையும் கதையாக்கக் கை துறுதுறுக்கும், இப்போது வேண்டாம்.

சக ஆசிரியரின் நூல் விழா அழைப்பிதழ் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். ‘கடந்த ஐந்து ஆண்டில் அனுமதியின்றி நூலோ கதையோ வெளியிட்டதற்காக எத்தனை பேருக்கு, எந்த விதியின் கீழ் மெமோ தரப்பட்டது’ என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். அவர் பெயரைக் குறிப்பிட வேண்டாம். தனிப்பட்ட தகவல் என்று தட்டிவிடுவார்கள். எண்ணிக்கை போதும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டி வந்தால் அழைப்பிதழ், மனுவுக்கு வரும் பதில் என்ற இந்த இரண்டு தாளும்தான் பாரபட்சத்தைக் காட்டும். மெமோவுக்குப் பதில் கொடுக்கும் முன், நியமன ஆணையையும் பணி விதிகளின் நகலையும் வைத்துக்கொண்டு ராமநாதபுரத்திலோ மதுரையிலோ பணி வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.