அங்கே இருப்பவரிடம் மறைக்காதீர்கள்: மனநலக் கேள்வி-பதில்

கொரோனாவால் ஏற்பட்ட உலகளாவிய நெருக்கடி நிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. ஆனாலும் பிள்ளைகளையோ கணவரையோ வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே காத்திருக்கும் கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களிடமிருந்து அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றிய கடிதங்கள் எனக்கு இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. இம்முறை பெரும்பாலும் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன். வயது, தொல்லை தொடங்கிய காலம், சாப்பிடும் மருந்தின் பெயர் ஆகிய மூன்றையும் கட்டாயம் எழுதுங்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். எழுதுபவர்கள் இன்னும் சிலரே.

நெல்லித்தோப்பு வாசகி: கொரோனா காலத்தில் தொடங்கிய வழக்கப்படி, தினமும் காலை 6 மணிக்குப் பாரிஸில் இருக்கும் மகனை அழைத்து நலம் விசாரிக்கிறோம். அவன் எரிந்து விழுகிறான். பாசம் குறைந்துவிட்டதா?

உங்கள் காலை 6 மணி என்பது அவருக்குக் கோடையில் இரவு 2.30, குளிர்காலத்தில் 1.30. நம் நேரப்படி இரவு 10 மணிக்கு அழையுங்கள்.

முத்தியால்பேட்டை வாசகி: பாரிஸுக்கு அருகே சார்செலில் என் மகள் குடும்பம் வசிக்கிறது. 2020 ஏப்ரலில் மருமகன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். மகளுக்குப் பிரெஞ்சு சரளமாக வராததால் மருத்துவமனை அழைப்புகளை 11 வயதுப் பேத்திதான் எடுத்துப் பேசினாள். மருமகன் பிழைத்து வந்துவிட்டார். ஆனால் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பேத்திக்கு இன்றும் கை நடுங்குகிறது.

அப்பாவின் நிலையை வீட்டில் முதலில் கேட்டவளும் அவள்தான். அதில் எவ்வளவை அம்மாவிடம் சொல்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தவளும் அவள்தான். வேற்று மொழி நாட்டில் குடியேறிய குடும்பங்களில் வங்கி, பள்ளி, நகராட்சி என எல்லா இடத்திலும் பிள்ளைகளே பெற்றோருக்கு வாயாக நிற்கிறார்கள். மற்ற நாட்களில் அது அவர்களுக்குத் தன்னம்பிக்கை தருவதும் உண்டு. ஆனால் நோய், சாவு பற்றிய பேச்சுக்கு ஒரு குழந்தையை நிறுத்தவே கூடாது. மருத்துவமனையிடம் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் மொழி தெரிந்த பெரியவர் ஒருவரின் எண்ணைக் கொடுக்க வேண்டும். பிரான்சில் 'செந்த்ர் மெடிக்கோ-சைக்கோலஜிக்' என்ற அரசு மனநல மையங்களில் கட்டணம் இல்லாமல் பார்க்கிறார்கள். காத்திருப்பு மாதக்கணக்கில் நீளக்கூடும் என்பதால் இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். அதுவரை, தாய்மாமனோ சித்தியோ முன்கூட்டியே சொல்லிவைத்த நேரத்தில் அவளுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைத்து இரண்டு நிமிடம் சாதாரணமாகப் பேசட்டும். பழகப் பழக நடுக்கம் தணியும். அன்று அவள் மீது ஏற்றியது பெரிய பாரம் என்பதை உங்கள் மகள் தன் வாயால் அவளிடம் சொல்லவேண்டும்.

கடலூர் முதுநகர் வாசகி: கணவர் சவுதியில் இருக்கிறார். கொரோனாவிலிருந்து தூக்கமே இல்லை. மாத்திரை அனுப்பலாமா?

தூக்கம் இல்லாதது உங்களுக்கா, அவருக்கா? வயது என்ன, இரவு வேலையா, எந்த மாத்திரை? ஒரு வரியில் எழுதிப் போட்டுவிட்டு மருத்துவ ஆலோசனை கேட்பது முறையல்ல. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: அனுப்பாதீர்கள். அல்பிரசோலம் போன்ற தூக்கம் தரும் மாத்திரைகளும் டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் வளைகுடா நாடுகளில் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டவை. நீங்கள் கொடுத்தனுப்பும் பொட்டலத்தால் அதை எடுத்துச் செல்பவர் சிறைக்குப் போக நேரிடலாம். தூக்க மாத்திரையைச் சில வாரங்கள் விடாமல் சாப்பிட்டாலே உடல் அதற்குப் பழகிவிடும், திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். தானாகத் தொடங்காதீர்கள், தானாக நிறுத்தாதீர்கள்.

புவனகிரி வாசகர்: 2021 மே மாதம் அம்மா கொரோனாவில் இறந்தார். குவைத்தில் இருந்த தம்பிக்குச் சொல்லவில்லை. 'அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, தூங்குகிறார்' என்று சொல்லிச் சமாளித்தோம். கருமாதி முடிந்த மறுநாள், தெருமுனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியை யாரோ படம்பிடித்து அவனுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் அவன் என்னிடம் பேசுவதில்லை. பணம் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது. அவன் நன்மைக்காகத்தானே செய்தோம்?

இந்தக் கடிதம் வெவ்வேறு ஊர்களிலிருந்து, வெவ்வேறு உறவுமுறைகளில், எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது. உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. 2021 ஏப்ரல் கடைசியிலேயே குவைத் இந்தியாவிலிருந்து வரும் நேரடி விமானங்களை நிறுத்தியிருந்தது. வந்தால் திரும்பிப்போக வழியில்லை, வேலையும் போய்விடும், தனியாக அறையில் இருப்பவன் ஏதாவது செய்துகொள்வானோ என்றெல்லாம் பயந்திருப்பீர்கள். ஆனால் தூரத்தில் இருப்பவருக்கு வீடு என்பது தொலைபேசியில் கேட்கும் சொற்கள் மட்டுமே. அந்தச் சொற்கள் பொய் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அதன்பின் நீங்கள் 'எல்லாரும் நலம்' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் நெஞ்சு பதறும். அம்மா இல்லாத அந்த இரண்டு வாரங்களில் தான் எந்த நாளில் சிரித்தோம், எந்த நாளில் அம்மாவுக்குப் பழம் வாங்கிக் கொடுக்கச் சொன்னோம் என்று அவர் மனதில் கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பார். எல்லாரோடும் சேர்ந்து அழுதிருக்கவேண்டிய நாட்களை அவருக்குத் தெரியாமல் நீங்கள் கழித்துவிட்டீர்கள்.

இப்படிப்பட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதை எல்லாரும் தெரிந்துவைத்திருங்கள். முதலில் அறைத் தோழர் ஒருவரிடம் சொல்லி, அவரைப் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். செய்தியைக் கேட்கவேண்டியவர் வேலையில் இருக்கும்போதோ வண்டி ஓட்டும்போதோ அழைக்காதீர்கள். 'சீரியஸாக இருக்கிறார்' என்று இழுக்காமல், 'அம்மா இறந்துவிட்டார்' என்றே சொல்லுங்கள். எந்த நேரத்தில், எந்த மருத்துவமனையில் என்பதையும் சொல்லுங்கள். அவர் பேசாமல் இருந்தாலும் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். அடக்கத்தைக் காணொளியில் பார்ப்பதா வேண்டாமா என்பது அவர் எடுக்கவேண்டிய முடிவு.

இனி நீங்கள் செய்யவேண்டியது: 'உன் நல்லதுக்குத்தான்' என்ற சொற்களைச் சேர்க்காமல் மன்னிப்புக் கேளுங்கள். அம்மாவுக்கு எந்த நாளில் காய்ச்சல் வந்தது, எத்தனை நாள் ஆக்சிஜன் படுக்கையில் இருந்தார், யார் கொள்ளி வைத்தார்கள் என்று நடந்ததை நடந்தபடி ஒரு குரல் பதிவாக அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் அனுப்புங்கள். அவர் விடுப்பில் வரும்போது திதியை அவர் கையால் செய்யவிடுங்கள். இழப்பு நடந்து ஆறு மாதங்களைத் தாண்டியும் துக்கம் சற்றும் தணியாமல் வேலையும் உறவும் கெட்டால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை என்று உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நோய் வகைப்பாடும் ஏற்றுக்கொண்டுள்ளது.

இதே மறைப்பு அக்கரையிலும் நடக்கிறது. 2020-இல் வேலை இழந்த பலர் அதை வீட்டுக்குச் சொல்லாமல் வட்டிக்கு வாங்கிப் பணம் அனுப்பினார்கள். அவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: மறைக்காதீர்கள்.

பண்ருட்டி வாசகி: 2020 மே மாதம், கொரோனா பரவிய கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய என் கணவரை ஒதுக்கிவைத்த உறவினர் வீட்டிலிருந்து இப்போது திருமணப் பத்திரிகை வந்திருக்கிறது. அவரை வற்புறுத்தி அழைத்துப் போகலாமா?

வற்புறுத்தாதீர்கள். அவமானப்பட்டவர் அவர், முடிவு அவருடையது. நீங்கள் மட்டும் போனாலும் தவறில்லை.

காட்டுமன்னார்கோவில் வாசகி: கணவருக்கு வயது 38. சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதியில் பல மாதங்கள் அடைபட்டிருந்து 2021-இல் ஊர் திரும்பினார். அன்று முதல் அறைக் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது என்கிறார். இதயப் பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை. மருந்து எதுவும் சாப்பிடவில்லை.

தெளிவாக எழுதியதற்கு நன்றி. அங்கே விடுதிகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். அறைக்குப் பத்துப் பதினைந்து பேராகப் படுத்தவர்கள். 2020 முடிவதற்குள் அவர்களில் பாதிப் பேர் வரை தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். அங்கே அடைபட்ட உடலுக்கு மூடிய கதவு இன்றும் அபாயமாகவே படுகிறது. இதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல அனுமதிக்காதீர்கள். இத்தகைய தொல்லை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலே சிகிச்சை தேவை. இவருக்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பத்துப் பன்னிரண்டு அமர்வுகள் பேச்சு சிகிச்சை எடுத்தாலே பலருக்கு நல்ல மாற்றம் தெரியும். பக்கத்து வீட்டார் கொடுக்கும் தூக்க மாத்திரையைத் தொடவேண்டாம்.

சேதராப்பட்டு தொழிற்சாலை மேற்பார்வையாளர்: குடும்பத்தோடு இங்கே தங்கியிருக்கும் ஒடிசா தொழிலாளி ஒருவர், புதிய வைரஸ் என்று செய்தி வந்தாலே மூட்டை கட்டுகிறார். எப்படித் தைரியம் சொல்வது?

தைரியம் சொல்வதால் பயனில்லை. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபோது அவர் போன்றவர்களுக்குக் கூலி நின்றது. ஊர் திரும்புவதற்கான தொழிலாளர் சிறப்பு ரயில்கள் மே 1-இல்தான் ஓடத் தொடங்கின. வேலை நின்றாலும் கூலியும் அரிசியும் வாடகையும் எத்தனை நாளைக்கு உறுதி என்பதை உங்கள் நிர்வாகம் எழுத்தில் கொடுக்கட்டும். அவர் மனைவியையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். மனம்விட்டுப் பேச 14416 என்ற டெலி-மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி எண், இருக்கிறது. கட்டணம் இல்லை, இந்தியும் ஒடியாவும் உட்படச் சுமார் 20 மொழிகளில் பேசுகிறார்கள்.

லாஸ்பேட்டை வாசகர்: பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற மகனிடம் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் அட்டை) இருக்கிறது. இன்னொரு பெருந்தொற்று வந்தால் உடனே வந்துவிடலாம் என்று நம்பியிருக்கிறோம். சரிதானே?

இல்லை. 2020 மார்ச் 13 முதல் ஓசிஐ அட்டைக்காரர்களுக்கான விசா இல்லாப் பயணத்தையும் அரசு நிறுத்திவைத்தது. மே மாதக் கடைசியில்தான் சில பிரிவினருக்குத் தளர்த்தியது. ஆகவே அவர் வர முடியாமல் போனால் உங்களை மருத்துவமனைக்கு யார் அழைத்துச் செல்வார், கையெழுத்து யார் போடுவார், வங்கிக் கணக்கை யார் கையாள்வார் என்பதை இப்போதே அவரோடு பேசி எழுதிவையுங்கள். அந்தத் தாளின் ஒரு படி அவரிடமும், ஒரு படி இங்கே உங்கள் தெருவில் இருக்கும் ஒருவரிடமும் இருக்கட்டும்.