பண்டிகைக்குச் சொந்த வீட்டுக்குப் போகாமல் நண்பர்களையே குடும்பமாக வைத்துக் கொண்டாடுவது எப்படி? மனஸ்தாபம் வராமல் நடத்த முடியுமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. எட்டுப் பேர். சிலரால் வீட்டுக்குப் போக முடியாது, சிலருக்குப் போக விருப்பமில்லை. போன முறை ஒரு தோழியே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்திருக்கிறார், கடைசியில் பணக் கணக்கு பேசும்போது அழுதுவிட்டார்.

அன்பு குறைந்து இப்படி ஆவதில்லை. ஒரு வீட்டில் பண்டிகை என்றால் யார் அடுப்படியில் நிற்பது, யார் கடைக்கு ஓடுவது, யார் பாத்திரம் தேய்ப்பது என்பதெல்லாம் இருபது முப்பது வருடப் பழக்கத்தில் முடிவாகியிருக்கும். பெரும்பாலும் அம்மாவின் இடுப்பு வலியில் முடிவாகியிருக்கும், அது வேறு கதை. நண்பர் கூட்டத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. குடும்பத்தில் சொல்லாமலே நடப்பவை இங்கே வாய்விட்டுச் சொன்னால்தான் நடக்கும். சொல்லாவிட்டால், யாருக்கு மனசு கேட்காதோ அவர் தலையில் வந்து விழும். எல்லாரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார்?

"நண்பர்களுக்குள் எதற்கு இத்தனை சட்டதிட்டம், இயல்பாக இருக்கக் கூடாதா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: இயல்பாக நடந்த கூட்டங்களில் கடைசியாகச் சாப்பிட்டது யார் என்று விசாரித்துப் பாருங்கள். பெற்றோரை மறக்கச் சொல்கிறேன் என்றும் திரிக்க வேண்டாம். கேட்டவரின் நிலைமைக்குப் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் தேதி. ஆறு வாரம் முன்பே முடிவாக வேண்டும். குழுவில் "எல்லாருக்கும் எப்போது வசதி?" என்று கேட்காதீர்கள், எட்டுப் பதில் வரும், எட்டும் ஒத்துப் போகாது. இரண்டு தேதி மட்டும் கொடுத்து, மூன்று நாள் கெடு வைத்து, அதிகம் பேர் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். பண்டிகை நாளிலேயே வைக்க வேண்டும் என்று அவசியமில்லை. முன்போ பின்போ வரும் வாரக்கடைசியில் வைத்தால், பெற்றோருக்கும் முகம் காட்ட வேண்டிய நண்பர்கள் இரண்டு பக்கமும் இழுபட மாட்டார்கள், பயணச் சீட்டும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் போக இடமே இல்லாதவர் உங்களில் ஒருவர் இருந்தால் கதை வேறு. அவருக்கு அந்த நாள்தான் கனமான நாள். பெரிய விருந்தை வாரக்கடைசிக்கு மாற்றினாலும், பண்டிகையன்று அவரோடு இரண்டு பேராவது இருப்பது என்று பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டால் யாரும் போகமாட்டார்கள்.

எண்ணிக்கையையும் கவனியுங்கள். எட்டுப் பேருக்குள் 28 ஜோடி உறவுகள். பன்னிரண்டு ஆனால் 66. நான்கு பேர்தானே என்று சேர்த்தால் ஒருவருக்கொருவர் அனுசரிக்க வேண்டிய சங்கதி இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. ஒரே மேசையில் ஒரே பேச்சு ஓட எட்டிலிருந்து பத்துப் பேர்தான் எல்லை. புதிதாக யாரையாவது கூட்டி வருவதென்றால் ஒரு வாரம் முன்பே வீடு கொடுப்பவரிடம் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குள்ளேயே காதலித்துப் பிரிந்தவர்கள் இருந்தால் இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், குழுவில் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள்.

சாப்பாட்டில்தான் கூட்டம் குலையும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆளுக்கொன்று கொண்டு வருவதில் எல்லாரும் செய்யும் தவறு, எட்டுப் பேரும் எட்டுப் பேருக்குப் போதுமான அளவு சமைத்து வருவது. ஒருவர் வயிற்றுக்குள் எட்டு முழுச் சாப்பாடு போகாது. வயிற்றை நிரப்பும் முக்கியமான பதார்த்தம் இரண்டு மட்டும் எல்லாருக்கும் முழு அளவில் இருக்கட்டும். மற்றவை நான்கைந்து பேருக்கான அளவே போதும், எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். சமைத்த உணவாகக் கணக்குப் பார்த்தால் பெரியவர் ஒருவருக்கு எல்லாம் சேர்த்து அரைக் கிலோவுக்குச் சற்று மேல். யார் எதைக் கொண்டு வருகிறார் என்பதை ஒரே பட்டியலில் எழுதுங்கள். இல்லாவிட்டால் மூன்று இனிப்பும் ஐந்து குளிர்பான பாட்டிலும் வந்து சேரும், குடிதண்ணீர் இருக்காது. சமைக்கத் தெரியாதவரிடம் ஐஸ், குடிதண்ணீர், தட்டு, குப்பைப் பை ஆகியவற்றை ஒப்படையுங்கள். இவை இல்லாமல் கூட்டம் நடக்காது, யாரும் நினைவில் வைத்துக்கொள்வதும் இல்லை.

"அங்கே வந்து பத்து நிமிஷத்தில் சூடு பண்ணிக்கிறேன்" என்பவரைத்தான் பயப்பட வேண்டும். ஐந்து பேர் இதையே சொன்னால் ஐம்பது நிமிடம் அல்ல, பாத்திரம் மாற்றி, அடுப்பு துடைத்து, கரண்டி தேடி ஒன்றரை மணி நேரம். மைக்ரோவேவில் ஒரு நேரத்தில் ஒரு பாத்திரம்தான் போகும். ஐந்தாவது சூடாகும்போது முதலாவது ஆறிக் கிடக்கும். அதனால் சாப்பிடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்: ஒரு மணிக்குப் பந்தி என்றால் 12.50க்கு எல்லாம் மேசையில், 12.20 முதல் எந்த அடுப்பில் எது, 11.30க்குப் பிறகு அடுப்படியில் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பும் மின்கெட்டிலும் தனித்தனியே 2000 வாட் அளவில் இழுக்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் வயர் சூடேறும், ஃபியூஸ் போகும்.

கெட்டுப்போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் இருக்கும் நேரம்தான் கிருமி பெருகும் நேரம். அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். பயண நேரமும் இதில் சேர்த்தி. முக்கால் மணி நேரம் வண்டியில் வந்த பாத்திரத்துக்கு மேசையில் மிச்சமிருப்பது ஒன்றேகால் மணிதான். சோறு போன்றவற்றில் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை, வெளியே வைத்தால் முளைத்து நச்சை உண்டாக்கும், மறுபடி சூடுபடுத்தினாலும் அந்த நச்சு போகாது. மீந்ததை ஆழமான அண்டாவோடு குளிர்பெட்டியில் தள்ளாதீர்கள், நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் உயரம் வராமல் அகலமான பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சூடுபடுத்தும்போது 74 டிகிரி வர வேண்டும், அதாவது நடுவிலும் ஆவி பறக்க வேண்டும்.

ஒவ்வாமை பற்றி இரண்டு கேள்வி தனித்தனியாகக் கேளுங்கள்: "எது சாப்பிட மாட்டீர்கள்?", "எது சாப்பிட்டால் ஆபத்து?". முதல் கேள்விக்கு மாற்றுப் பதார்த்தம் போதும். இரண்டாவதற்குத் தனிக் கரண்டி, தனிப் பாத்திரம் வேண்டும், அவர்தான் முதலில் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஒரு பாத்திரத்துக் கரண்டி இன்னொன்றில் புரண்ட பிறகு எந்தச் சீட்டு ஒட்டியும் பயனில்லை. அவர் அவசர ஊசி வைத்திருப்பவர் என்றால் அது எந்தப் பையில் இருக்கிறது, எப்படிப் போடுவது என்பது இன்னும் இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும்.

இனி உங்கள் தோழியை அழவைத்த விஷயம். செலவுக்குப் பின் கணக்கு பேசினால் அது வசூல் மாதிரி இருக்கும். முன்பே பேசினால் திட்டம். பொதுச் செலவு எவை என்று முதலில் பட்டியல் போடுங்கள். சமைத்து வருபவரின் சாமான் செலவும் அதில் வர வேண்டும், வீடு கொடுப்பவரின் எரிவாயு, சோப்பு, டிஷ்யூவும் வர வேண்டும். மது இருந்தால் குடிப்பவர்களுக்குள் தனிக் கணக்கு. எண்களில் சொன்னால், மொத்தம் 800 ஆனால் தலைக்கு 100. சாமானுக்கு 160 செலவழித்தவருக்கு 60 திரும்பி வரும், 30 செலவழித்தவர் 70 தர வேண்டும். ரசீதைப் படம் எடுத்து அன்றே குழுவில் போட வேண்டும், இரண்டு நாளில் கணக்கு முடிய வேண்டும். முக்கியமாக, கணக்கு வைப்பவரும் வீடு கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வீடும் கொடுத்துப் பணமும் கேட்க வேண்டிய நிலைமை யாருக்கும் கசக்கும்.

எட்டுப் பேரின் வருமானமும் ஒன்றாக இருக்காது. கையில் காசில்லாதவர் அதைச் சொல்ல மாட்டார், "அன்றைக்கு வேலை இருக்கு" என்று ஒதுங்கிவிடுவார். அதற்கு ஒரு வழி: 60, 100, 140 என்று மூன்று தொகை வைத்து, அவரவர் விரும்பியதைக் கணக்கு வைப்பவருக்கு மட்டும் அனுப்பட்டும். யார் எவ்வளவு என்பது அவரைத் தாண்டிப் போகக் கூடாது. மொத்தத்தில் குறைந்தால், அதிகம் தரத் தயாரானவர்களிடம் அவரே கேட்டுக்கொள்வார்.

பரிசுக்குச் சீட்டுக் குலுக்குவீர்கள் அல்லவா? எட்டுப் பேர் எடுத்தால் யாருக்கும் தன் பெயரே வராமல் இருக்க வாய்ப்பு 37 சதவீதம்தான், அதனால்தான் திரும்பத் திரும்பக் குலுக்க வேண்டியிருக்கிறது. சீட்டுகளைக் கலைத்து வட்டமாக அடுக்கி, ஒவ்வொருவருக்கும் வலப்பக்கத்துப் பெயரைக் கொடுத்துவிட்டால் ஒரே தடவையில் தீர்ந்தது. அடுக்கியவருக்கு ரகசியம் தெரிந்துவிடும், போகட்டும்.

சாப்பிட்டு முடித்து மூன்று நான்கு மணிக்கு ஒரு சோர்வு வரும். அப்போதுதான் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போன் பேச எழுந்து போவார்கள். பேச யாருமில்லாதவர் காலித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். அந்த அரைமணி நேரத்துக்கு முன்கூட்டியே ஏதாவது வையுங்கள்: நடை போகலாம், விளையாடலாம், பாத்திரம் கழுவ அவரோடு ஒருவர் நிற்கலாம். யாராவது இறந்து இது முதல் பண்டிகை என்றால், அவர் பெயரைச் சொல்லலாமா என்று சம்பந்தப்பட்டவரிடம் முதல் நாளே கேளுங்கள், பந்தியில் கேட்காதீர்கள்.

குடிப்பவர்கள் இருந்தால் வண்டிச் சாவி விஷயத்தைக் குடிக்கும் முன் முடியுங்கள். உடம்பு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு சின்ன பெக் அளவு மதுவைத்தான் கரைக்கும், காபியோ குளியலோ அதை வேகப்படுத்தாது. எத்தனை பேர் தங்கினாலும் அத்தனை பாய், போர்வை இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பண்டிகை விடுமுறைப் பட்டியல் போடும் மேலாளர்கள் "உனக்கென்ன, குடும்பமா குட்டியா" என்று தனியாள்களை முறைவேலையில் போடுவதை ஒரு சலுகை போலச் செய்கிறார்கள். ஆறு வாரம் முன்பே தேதி வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். விடுப்பு கேட்கும்போது "நண்பர்களோடு கூடுகிறோம்" என்று விளக்கம் கொடுக்காதீர்கள். "குடும்ப நிகழ்ச்சி" என்று எழுதுங்கள், அது பொய்யில்லை. நண்பருக்கு ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட நேர்ந்தால் அந்த வார்த்தை மட்டும் போதாது. பல நாடுகளில் எழுத்து மூலமான அதிகாரப் பத்திரம் இல்லாவிட்டால் துணைவரையோ ரத்த உறவையோதான் தேடுவார்கள். எட்டுப் பேரும் ஒன்றாக இருக்கும் நாளில் யார் யாருக்கு அவசர எண், யாரிடம் மாற்றுச் சாவி, யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையாவது எழுதிக்கொள்ளுங்கள்.

முடிக்கும் நேரத்தையும் அழைப்பிலேயே போடுங்கள். எட்டு மணி என்று போட்டால் ஏழரைக்கு எல்லாரும் எழுந்து அரைமணி நேரம் சுத்தம் செய்துவிட்டுக் கிளம்பலாம். சமைத்தவர்கள் கழுவக் கூடாது. குப்பைப் பை கடைசியாகப் போகிறவர் கையில் போகும்.

உங்கள் தோழி இந்த முறை வீடும் கொடுக்க வேண்டாம், அடுப்படிப் பக்கமும் வர வேண்டாம். அவர் சும்மா இருக்க மாட்டார் என்று தெரியும், அதனால் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே "மீந்ததைப் போட இரண்டு காலி டப்பா, மூடியோடு" என்று எழுதிவிடுங்கள்.