கல்லூரி நூலகம்: எதை வாங்குவது, எதை நீக்குவது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கல்லூரி நூலகங்களைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு புத்தகம் வேண்டுமென்று எங்கள் கல்லூரி நூலகத்தில் கேட்டேன். இன்றுவரை வரவில்லை. எதை வாங்குவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? (வரலாற்று மாணவி, பாலக்கோடு)

பதில்: பெரும்பாலான கல்லூரிகளில் நூலகர் தனித்து முடிவெடுப்பதில்லை. முதல்வர் தலைமையிலான நூலகக் குழு, கிடைத்த நிதியைத் துறைகளுக்குப் பங்கிடுகிறது. துறைத்தலைவர்கள் தத்தம் பட்டியலைத் தருகிறார்கள். நூலகர் அதனை ஏற்கெனவே உள்ள நூல்களோடு ஒப்பிட்டு, விலைப்புள்ளி பெற்று, கொள்முதல் ஆணை அனுப்புகிறார். நீங்கள் வாய்மொழியாகக் கேட்டிருந்தால், அந்தக் கோரிக்கை எந்தப் பட்டியலிலும் ஏறாமலே போயிருக்கலாம். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால், கடைசி வாரங்களில் அவசரமாகத் தயாராகும் பட்டியலில் விற்பனையாளரிடம் கைவசம் இருப்பவையே இடம்பிடித்துவிடுகின்றன. ஆகவே நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் ஆகியவற்றை எழுதி, உங்கள் பேராசிரியரின் கையொப்பத்துடன் ஜூன், ஜூலையிலேயே நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

பாடநூலில் பல படிகள் வாங்குவதைச் சிலர் குறை கூறுவதுண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் நிறைந்த நம் பகுதியில், விலை கொடுத்து வாங்க இயலாதவருக்கு அந்தப் படிகள்தாம் துணை என்பதால் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேர்வு வழிகாட்டிகளை அடுக்கடுக்காக வாங்கிவிட்டு மூல நூல்களுக்குப் பணமில்லை என்று சொல்வதை ஏற்க முடியாது.

கேள்வி: எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் பழைய நூல்களைக் கட்டுக்கட்டாக எடைக்குப் போட்டதைக் கண்டு மனம் வருந்தினேன். நூலகமே நூலை அகற்றலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கிருஷ்ணகிரி)

பதில்: அகற்றலாம், சில வேளைகளில் அகற்றியே ஆக வேண்டும். சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலுக்கு அடித்தளமிட்ட எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளில் இறுதி விதியாக, நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரியாகக் கண்டார். புதியதை ஏற்கும் உயிர் பழையதைக் கழிப்பதும் அவ்வளர்ச்சியில் அடங்கும். 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மறைமுக வரிப் பாடநூல்கள் முப்பது படிகள் வணிகவியல் அலமாரியில் நின்றால், அவற்றை எடுக்கும் மாணவர் தவறான சட்டத்தைப் படித்துச் செல்வார். 2024 ஜூலை 1-இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தை பாரதிய நியாய சன்ஹிதா பெற்றபின், பழைய சட்ட நூல்களுக்கும் இதே நிலைதான். அப்போதும் ஓரிரு படிகளை வைத்துக்கொள்ள வேண்டும். முந்தைய சட்டத்தின்கீழ்ப் பதிவான வழக்குகளைப் படிப்பவருக்கு அவை தேவைப்படும்.

ஆனால் தங்கள் வருத்தம் நியாயமானது என்றே சொல்வேன், ஏனெனில் கழிப்பவர் எதைக் கழிக்கிறார் என்பதை அறிந்து செய்கிறாரா என்பதுதான் கேள்வி. தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965-இல். கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004-இல். எனவே நம் மண்ணின் பழைய வரலாறு ‘சேலம்’ என்றும் ‘பாராமகால்’ (நம் பகுதியின் பழைய பெயர்) என்றும் முதுகில் அச்சிட்ட நூல்களுக்குள்தான் இருக்கிறது. 1883-இல் லெஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேட்டையும், 1918-இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட விவரச் சுவடியையும், வேறு மாவட்டத்து நூல்கள் என்றும் பத்தாண்டுகளாக யாரும் எடுக்கவில்லை என்றும் எண்ணி எவரேனும் எடைக்குப் போட்டுவிட்டால், அந்த இழப்பை ஈடுசெய்வது கடினம். இரவல் பதிவேட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். துறை ஆசிரியர்கள் ஒவ்வொரு நூலையும் கையிலெடுத்துப் பார்த்து, குழு ஒப்புதல் தந்து, முதல்வர் ஆணையிட்டு, ஒவ்வொரு நூலையும் ஓர் எண்ணிட்டுப் பதியும் வரவுப் பதிவேட்டில் அந்நூலின் எண்ணுக்கு எதிரே நீக்கிய விவரத்தை எழுதிய பின்னரே நூல் வெளியே போக வேண்டும். அந்த எண்ணை மற்றொரு நூலுக்குத் தருவதும் முறையன்று.

கேள்வி: இருப்புச் சரிபார்ப்பில் நூல் குறைந்தால் நூலகரே பணம் கட்ட வேண்டுமா? (நூலகவியல் மாணவர், அரூர்)

பதில்: எல்லா இழப்புக்கும் அல்ல. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஓராண்டில் இரவல் தந்த அல்லது பார்வையிட்ட 1000 நூல்களுக்கு 5 நூல்கள் வரை குறைவதை, நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ இல்லாதவிடத்து, இயல்பான இழப்பாகக் கொள்கின்றன. 1000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ காணாமற்போனால் விசாரணை உண்டு. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு நடத்த வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளது. இவை மத்திய அரசு நிறுவனங்களுக்கானவை; மாநிலக் கல்லூரிகள் தமக்குரிய ஆணைகளைப் பார்க்க வேண்டும். இழப்புக்கு அஞ்சி அலமாரிகளைப் பூட்டி வைக்கும் நூலகரைவிட, சில நூல்களை இழந்தாலும் திறந்து வைத்திருப்பவரையே நான் மதிக்கிறேன்.

கேள்வி: என் தந்தையாரின் தமிழ், தெலுங்கு, கன்னட நூல்கள் நான்கு பெட்டிகளில் உள்ளன. கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா? (வாசகி, ஓசூர்)

பதில்: ஏற்பதும் மறுப்பதும் கல்லூரியின் உரிமை. தந்தையார் பெயரில் தனி அலமாரி வேண்டும், ஒரு நூலையும் பிரிக்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளைத் தவிர்த்தால் ஏற்கும் வாய்ப்பு மிகுதி. மூன்று மொழிகளும் புழங்கும் ஓசூர்ப் பகுதியில் அந்நூல்களுக்கு வாசகர் இருப்பர். கடையில் கிடைக்காதவற்றை மறவாமல் சேர்த்துக் கொடுங்கள்: கோயில் திருவிழா அழைப்பிதழ்கள், நடுகற்களின் பழைய புகைப்படங்கள், பட்டு வளர்ப்பு, மாம்பழச் சாகுபடி குறித்த துண்டு வெளியீடுகள், பள்ளி ஆண்டு மலர்கள். இவற்றை எந்த விற்பனையாளரிடமும் ஆணை கொடுத்து வாங்க முடியாது. நூல்கள் வந்தவுடன் நேரே அலமாரிக்குப் போகாமல், கறையானும் இராமபாணப் பூச்சியும் இல்லையென உறுதியாகும்வரை தனியறையில் இருக்கும். இதைக் காலதாமதம் என்று கருத வேண்டாம். முதலில் நூற்பட்டியலை மட்டும் நூலகரிடம் கொடுங்கள். பெட்டிகளை அவர் பார்த்துத் தெரிவித்த பின்னர் அனுப்பினால் போதும்.