ஒரு சாக்லேட் ஊரின் ஐஸ் ஹாக்கி அணி: ஹெர்ஷி பேர்ஸ் எப்படி உருவானது?

"சின்ன ஊரான ஹெர்ஷியின் அணி இரண்டாம் நிலை லீகில் இத்தனை காலம் எப்படி நிலைத்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில், காரணம் சாக்லேட்தான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஹெர்ஷி, சாக்லேட் தயாரிப்பாளர் மில்டன் ஹெர்ஷி எழுப்பிய ஊர். அங்கே 1930களின் தொடக்கத்தில் பிறந்த அணிக்கு 'பார்ஸ்' என்று பெயர். சாக்லேட் கட்டியையும் கரடியையும் ஒரே சொல்லில் குறித்த சிலேடை அது. இது வெறும் விளம்பரம் என்று நியூயார்க் விளையாட்டுச் செய்தியாளர்கள் எதிர்த்ததால், 1936இல் 'பேர்ஸ்', அதாவது கரடிகள், ஆனது. பெரும் பொருளாதார மந்தத்தின்போது ஊராருக்கு வேலை கொடுக்க மில்டன் ஹெர்ஷி கட்டிய புதிய அரங்கமும் அதே ஆண்டு திறந்தது. ஏழாயிரம் பேருக்கு மேல் அமரும் கூடம்; நடுவே ஒரு தூண்கூடக் கிடையாது! மெல்லிய கான்கிரீட் ஓடுதான் வளைந்து கூரையாக நிற்கிறது.

1938இல் அமெரிக்கன் ஹாக்கி லீகில் சேர்ந்த அணி இன்றுவரை அந்த லீகிலேயே ஆடுகிறது. 2005 முதல் முதல்நிலை லீகான என்ஹெச்எல்-இல் ஆடும் வாஷிங்டன் கேபிடல்ஸின் துணை அணி. லீகின் சாம்பியனுக்குத் தரப்படும் கால்டர் கோப்பையை 2024 வரை 13 முறை வென்றிருக்கிறது. 1988இல் கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளான பிளே-ஆஃபில் ஆடிய 12 ஆட்டங்களிலும் வெற்றி. எனக்கு மிகவும் பிடித்த சாதனை இது.

ஆண்டுக்கு ஒருமுறை, சொந்த அணியின் முதல் கோல் விழுந்ததும் ரசிகர்கள் பொம்மைகளைப் பனித்தளத்தில் மழையாக வீசுவார்கள். 2025 ஜனவரியில் விழுந்தவை 1,02,343. எல்லாம் அறப்பணிக்குப் போகின்றன.