இடாப்பில் இருக்கும் பெயர்கள்

அன்பின் ஐயா,

ஹட்டன் பக்கம் ஓர் ஆண்கள் பாடசாலையில் எழுபதுகளில் படித்த நாங்கள் நினைவு மலர் போடுகிறோம். பதினெட்டுக் கட்டுரைகள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் அதே விளையாட்டுப் போட்டி, அதே பிரம்படி. எப்படித் திருத்துவது?

— ஒரு வாசகர்

அன்பின் நண்பருக்கு,

திருத்த வேண்டாம். எழுதியவர்களில் பெரும்பாலானோர் கடைசிவரை படித்து, பழைய மாணவர் சங்கத்திலும் இருப்பவர்களாக இருப்பார்கள். இடையில் நின்றவர்களைத் தேடுங்கள். இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களோடு உங்கள் வாங்குத் தோழர்களும் போனார்கள். வேறு சிலர் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தார்கள்.

அதிபரின் அனுமதியோடு சேர்வு இடாப்பை, அதாவது மாணவர் சேர்க்கைப் பதிவேட்டை, பாருங்கள். சேர்ந்த திகதி, தகப்பன் பெயர், முகவரி, விலகிய திகதி எல்லாம் அதில் கிடைக்கும். உங்கள் ஆண்டுக்குரிய பக்கங்களை மட்டும் கையால் பிரதி எடுங்கள். பழைய இடாப்பை விரித்து அழுத்திப் படமெடுத்தால் தையல் விட்டுவிடும். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, சனங்கள் சொல்லும் தமிழ்ப் பெயர் ஒன்று இருக்கும், இரண்டையும் குறியுங்கள். இந்தியா போய் நீலகிரியில் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருப்பவரிடம் ஆங்கிலப் பெயரைச் சொன்னால் விளங்காமல் போகலாம். டிவிசனும் (தோட்டத்தின் உட்பிரிவு) பட்டப்பெயரும் சொன்னால் பிடிபடும்.

ஆட்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். நால்வரை ஒன்றாக உட்கார வைத்தால், உரக்கப் பேசுபவரின் நினைவே நால்வரின் நினைவாகிவிடும். சேர்த்து உட்கார வைப்பதைப் பிறகு செய்யலாம். "என்ன ஞாபகம் இருக்கிறது?" என்று தொடங்கினால் பிரம்படிதான் வரும். எந்த லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள், எந்தக் குறுக்குப் பாதை, மழையில் புத்தகத்தை எதில் சுற்றினீர்கள், பகலுக்கு என்ன கொண்டுபோனீர்கள் என்று கேளுங்கள். அப்போது 1974 பஞ்சத்தில் வெறும் வயிற்றோடு வந்த பையன் தானாகவே பேச்சுக்குள் வருவான்.

ஆண்டு குழம்பினால் பரீட்சையைக் கேளுங்கள். 1972 கல்விச் சீர்திருத்தத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் பதிலாக என்.சி.ஜி.ஈ. (தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்) பரீட்சை இருந்தது. எதை எழுதினார் என்பதை யாரும் மறப்பதில்லை.

ஒலிப்பதிவை மழையில்லாத காலையில் வையுங்கள். தகரக் கூரையில் மழை பிடித்தால் ஒரு சொல்லும் தேறாது. ஜூன், ஜூலையில் ஹட்டனில் இதை நம்பி இறங்க முடியாது. கைபேசியைப் பேசுபவரிடமிருந்து ஒரு சாண் தூரத்தில், மடித்த துணியின்மேல் வையுங்கள்.

குழுப் படங்களில் மிகுந்த கவனம் வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் படம் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்க முயன்றால் முகங்கள் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே, ஃபிளாஷ் போடாமல், பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். பிரதியில் ஒவ்வொரு தலைக்கும் இலக்கமிட்டு, குறைந்தது இருவரிடம் பெயர் கேளுங்கள். இருவரும் வேறு வேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதி வையுங்கள். மூன்றாமவர் வரும்வரை எதையும் நீக்க வேண்டாம். லெமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், பிறகு எடுக்கவே முடியாது.

கண்டுபிடிக்க முடியாதவர்களுக்கும் மலரில் இடம் கொடுங்கள்: பெயர், சேர்ந்த ஆண்டு, தோட்டம். பிறந்த திகதியையும் விலகிய காரணத்தையும் உரியவரின் சம்மதம் இல்லாமல் அச்சிட வேண்டாம்.